கட்ஆஃப் கணக்கில் வராத உழைப்பு: கொங்கு நாட்டுப் பதின்பருவத் தொழிலும் கல்லூரிச் சேர்க்கையும்

1. கேள்வி

கோவை தடாகம் சாலையில் உள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைக்க, பொறியியல் கலந்தாய்வில் மிக உயர்ந்த கட்ஆஃப் வேண்டும். அக்கல்லூரி 1945இல், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்ட ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1893இல் கலங்கலில் பிறந்த அவர், ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலில் இறங்கினார். பொறியியல் படிப்புக்கு நான்காண்டு என்பது கால விரயம் என்று வாதிட்ட அவர், அந்த வாதம் ஏற்கப்படாததால் கல்லூரியிலிருந்து விலகினார். இன்று தொழில் செய்துகொண்டே ப்ளஸ் டூ முடித்த ஒரு மாணவர் அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தால், தொழிலைப் பற்றி ஒரு வரி எழுதக்கூட விண்ணப்பத்தில் இடமில்லை.

தொழில் செய்து பழகிய மண் என்று கொங்கு நாடு தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த மண்ணின் கல்லூரிகள் மாணவரின் தொழிலைக் கண்டுகொள்ளாமல் இருப்பது குறையா, பாதுகாப்பா? சேர்க்கை விதியில் தொழிலுக்கு இடமில்லை என்றால், அது மாணவரின் கல்லூரி வாய்ப்பை வேறு எங்கே, எப்படிப் பாதிக்கிறது? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் ஆராய்கிறது.

முதலில் ஒரு வரையறை தேவை. பதின்பருவத் தொழில் என்று இங்கே மூன்று வகைகள் ஒன்றாகப் பேசப்படுகின்றன. ஒன்று, குடும்பத் தொழிலில் கைகொடுப்பது: சோமனூர், பல்லடம் பகுதியின் தறிக்குடோனிலும், கணபதி, பீளமேடு வட்டாரத்து லேத் பட்டறையிலும், ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் செய்யும் வேலை. இரண்டு, சொந்த முயற்சி: திருப்பூர் பனியனை மொத்தமாக எடுத்து இன்ஸ்டாகிராமில் விற்பது, வீட்டில் கேக் செய்து கொடுப்பது, கணினிப் பழுது பார்ப்பது. மூன்று, கூலி வேலை: பனியன் கம்பெனியில் கைமடியாக (உதவியாளராக) நிற்பது, வீட்டுத் திண்ணையில் துணிக்குப் பிசிறு வெட்டுவது. இவற்றில் எதற்குத் 'தொழில்முனைவு' என்ற பெயர் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதே இந்த விவாதத்தின் பாதி.

2. இதுவரையிலான மூன்று பார்வைகள்

முதலாவது, தன்னுழைப்பால் உயர்ந்தவர் என்ற பார்வை. திருப்பூரைப் பற்றிய ஆய்வுகளில் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல் இதை மிக நுட்பமாக அணுகியது. வேளாண் பின்னணியிலிருந்து வந்து, தொழிலாளியாக நின்று, பிறகு முதலாளியான கவுண்டர்கள், தங்கள் உயர்வுக்குக் காரணம் உழைப்பே என்று சொல்வதை அவர் பதிவு செய்தார். அந்தச் சொல்லாடலை அவர் அப்படியே ஏற்கவில்லை. ஒரே வகை உழைப்பு சாதிக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வெவ்வேறு பலன் தந்ததையும், கடனும் ஜாப் ஒர்க்கும் நம்பிக்கையும் ஆண்களின் உறவு வட்டத்துக்குள்ளேயே சுழன்றதையும் சுட்டினார். உழைத்த கதைக்குத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு சந்தை இருந்தது என்று இதை வாசிக்கலாம். அக்கதை சிலருக்குக் கடனாகவும் கூட்டாளியாகவும் மாறியது. பலருக்கு எதுவாகவும் மாறவில்லை.

இரண்டாவது, சமூகநீதிப் பார்வை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பு மூண்டது. காமராசர் முதல்வரான பிறகு, 1954இல் அது கைவிடப்பட்டது. கைவிடும் அறிவிப்பைச் சட்டமன்றத்தில் செய்த அமைச்சர் சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த எதிர்ப்பின் தர்க்கம் மாறவில்லை. பரம்பரைத் தொழில் செய்வோர்க்குக் கடன் தரும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குறைந்தபட்ச வயது 18 என்று இருந்ததைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. 35 ஆக்கக் கோரியது. பின்னர் அந்த வயது வரம்போடு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் தொழிலுக்குக் கடன் நீட்டினால், பிள்ளை தொழிலிலேயே தங்கிவிடும் என்பதே அந்த மறுப்பின் உட்பொருள்.

மூன்றாவது, அண்மையில் வந்த பார்வை: மாணவரின் தொழில் அவருடைய 'ப்ரொஃபைலை' வலுப்படுத்தும் என்பது. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும் புதிய தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் வழிகாட்டும் ஆலோசகர்கள் வழியாக இது கோவைக்கும் வந்துவிட்டது. மதிப்பெண் ஒரு பகுதி, முன்முயற்சி மறுபகுதி என்கிறது இப்பார்வை.

முதல் பார்வை கல்லூரியையே தேவையற்றதாகக் காட்டுகிறது. இரண்டாவது, தொழிலைக் கல்லூரிக்கு எதிரியாகக் காண்கிறது. மூன்றாவது, தொழிலைக் கல்லூரிக்கான படியாக மாற்றுகிறது. இவற்றை விதிகளோடும் வரலாற்றோடும் உரசிப் பார்க்க வேண்டும்.

3. விதி என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் வருவது கட்ஆஃப் எனப்படும், 200க்கு ஒரு கூட்டுத்தொகை: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 2006ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியதிலிருந்து இந்த எண்ணே எல்லாம். இருவர் சமநிலையில் இருந்தால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் எனச் சில அளவுகோல்கள் வரிசையாகப் பார்க்கப்படும். எல்லாவற்றிலும் சமம் என்றால் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண் தீர்மானிக்கும். ஒரு மாணவர் செய்ததைவிடக் குலுக்கலுக்கு விதி மதிப்பளிக்கிறது என்று இதைக் குறை சொல்லலாம். குலுக்கலில் யாரும் சிபாரிசு செய்ய முடியாது என்பதும் உண்மை.

விதிக்குக் கண்ணே இல்லை என்றும் சொல்ல முடியாது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின் வழியே அது சாதியைப் பார்க்கிறது. மேற்கு மாவட்டங்களில் செறிந்து வாழும் அருந்ததியர்க்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு. விளையாட்டு வீரர்க்கு 500 இடங்கள். தொழிற்கல்விப் பாடப்பிரிவில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குத் தனித் தரவரிசை. அதாவது பிறந்த சூழலையும் படித்த பள்ளியையும் மைதானத்தில் வென்ற பதக்கத்தையும் விதி காண்கிறது. பட்டறையில் செய்த வேலையை மட்டும் காண்பதில்லை. சென்னை ஐஐடி 2024இல் விளையாட்டுச் சாதனையாளருக்கும், 2025இல் கலைச் சாதனையாளருக்கும் அறிவியல் ஒலிம்பியாட் மாணவருக்கும் கூடுதல் இடங்களைத் திறந்தது. அந்தப் பட்டியலிலும் தொழில் இல்லை.

மதிப்பெண் தவிர வேறொன்றும் பேசாத இந்த வாசலுக்கு ஒரு பக்க வழி உண்டு. சிறுபான்மையர் அல்லாதார் நடத்தும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடங்கள் கலந்தாய்வுக்கு, 35 விழுக்காடு மேனேஜ்மென்ட் கோட்டா. பெற்றோரின் தொழில் ஈட்டிய பணம் இந்த 35 வழியே உள்ளே வருகிறது. பிள்ளை தானே செய்த தொழில் எந்த விழுக்காட்டின் வழியாகவும் வருவதில்லை. விதி தொழிலை முற்றிலும் ஒதுக்கவில்லை. அதன் லாபத்தை ஏற்கிறது, அனுபவத்தை ஏற்பதில்லை என்பதே சரியான விவரிப்பு.

4. நேர்முகத் தேர்வு விட்டுச்சென்ற பாடம்

மதிப்பெண்ணோடு மாணவரின் பிற தகுதிகளையும் பார்ப்போம் என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவரும் முன், தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வு இருந்தது. அது எப்படி நடந்தது என்பதற்கு நீதிமன்ற ஆவணமே சான்று. 1971ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றியது. நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். விளையாட்டு, என்.சி.சி., பாடத்துக்கு அப்பாற்பட்ட சேவை, பொது ஆற்றல், துறை நாட்டம் போன்றவற்றை எடைபோட்டு அதை வழங்க வேண்டும். தேர்வில் பின்தங்கியவர் நேர்முகத்தில் ஏறிவந்ததும், முன்னின்றவர் இறங்கிப்போனதும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன.

பத்தாண்டு கழித்து, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், நேர்முகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் தந்தது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் காட்டியது. மாணவரின் ஆளுமையை மதிப்பிடும் அதிகாரம், மதிப்பிடுபவரின் சார்புக்கும் கதவு திறந்துவிடும் என்பதே இவ்வழக்குகளின் பொருள். தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு முறையை இந்தப் பட்டறிவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அதைப் 'பழைய முறை' என்று ஒதுக்குவோர், அதற்கும் முந்தைய முறையை மறந்துவிடுகிறார்கள்.

5. கதையைக் கேட்கும் கல்லூரிகள்

இன்று மாணவரின் கதையைக் கேட்கும் கல்லூரிகள் நாட்டிலேயே உள்ளன. சோனிபட்டின் அசோகா, ஸ்ரீசிட்டியின் க்ரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டுரையும் நேர்காணலும் வழியாகத் தேர்ந்தெடுக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் பல பயன்படுத்தும் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளைப் பட்டியலிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். ஊதிய வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் அதில் தனி வகைகள் உண்டு. எனவே இந்த வாசல்களில் தொழில் உண்மையிலேயே எடைபெறுகிறது.

ஆனால் இந்த முறையின் பிறப்பையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் சேர்க்கை வரலாற்றை ஆராய்ந்த ஜெரோம் காராபெல், 'குணநலன்' என்ற அளவுகோல் 1920களில் யூத மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவே வலுப்பெற்றது என்று 2005இல் எழுதினார். ராஜ் செட்டியும் இரு சக ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவு தேர்வு மதிப்பெண் பெற்றவர்களில், வருமானத்தில் உச்ச ஒரு விழுக்காட்டுக் குடும்பப் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் மேல் மேல்தட்டுக் கல்லூரிகளில் இடம் பெற்றனர். பழைய மாணவரின் வாரிசுக்குச் சலுகை, விளையாட்டு வீரர் தேர்வு ஆகியவற்றோடு, பாடம் சாராத தகுதிகளுக்குத் தரப்பட்ட எடையும் அதற்குக் காரணம். 2016இல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டம், குடும்பத்துக்காகப் பிள்ளைகள் செய்யும் வேலையையும் உரிய முறையில் மதிக்குமாறு கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. அப்படிக் கேட்க வேண்டியிருந்ததே, அதுவரை அது போதிய மதிப்பைப் பெறவில்லை என்பதைக் காட்டுகிறது.

கொங்கு நாட்டில் இதன் பொருளை முன்சொன்ன மூன்று வகைகளில் பொருத்திப் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் பனியன் விற்கும் மாணவரிடம் லோகோவும் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் இருக்கின்றன. அது 150 எழுத்துக்குள் அழகாக அடங்கும். தறிக்குடோனில் அப்பாவுக்குப் பதிலாக இரவு ஷிஃப்ட் பார்த்து, நூல் வியாபாரியிடம் கூலி பேசி, மின்கட்டணம் கட்டி வந்தவரிடம் அதைவிடக் கடினமான தொழிலறிவு இருக்கலாம். அதைச் சாதனையாகச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. நூற்பாலை விடுதியில் தங்கி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு முடிவில் தரும் மொத்தத் தொகைக்காக உழைத்த பதின்வயதுப் பெண்களின் வேலையைத் தொழில்முனைவு என்று எந்த விண்ணப்பமும் அழைத்ததில்லை. கதை கேட்கும் வாசல், உழைத்தவரைவிட உழைப்பைச் சொல்லத் தெரிந்தவருக்கே எளிதில் திறக்கிறது. திருப்பூரில் சாரி கண்ட அதே ஏற்றத்தாழ்வு, இப்போது ஆங்கிலக் கட்டுரை வடிவில் திரும்பி வருகிறது.

6. யாருடைய தொழில்?

சான்று என்ற சிக்கலும் உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, உரிய வயதடையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, அவரைக் கூட்டாண்மையின் பலன்களில் மட்டும் சேர்க்க அனுமதிக்கிறது. முழுக் கூட்டாளியாக ஆக்குவதில்லை. எனவே பதினாறு வயதுக்காரரின் தொழில் பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா பெயரில்தான் நடக்கும். வரவுசெலவுக் கணக்கை விண்ணப்பத்தோடு இணைத்தாலும், அதில் எவ்வளவு பிள்ளையின் உழைப்பு, எவ்வளவு குடும்பத்தின் முதல் என்று பிரித்துக் காட்ட முடியாது.

மறுபக்கம், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. தொழில் செய்ததற்கு மதிப்பெண் என்று நாளை ஒரு விதி வந்தால் இந்த விலக்கு என்ன ஆகும்? உதவி என்ற பெயரில் வேலை வாங்குவதற்குக் கல்லூரி இடமே ஒரு நியாயமாகிவிடும். பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சான்றிதழ் கையெட்டும் தூரத்தில் இருக்கும்; கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இருக்காது. எதை நினைத்து 1953இன் திட்டம் எதிர்க்கப்பட்டதோ, அது சலுகை வடிவில் மீண்டும் வரும்.

டெல்லி அரசின் அனுபவம் இதற்கு ஓரளவு மாற்றாகத் தெரிகிறது. 2021இல் அங்கே அரசுப் பள்ளிகளின் 11, 12ஆம் வகுப்பு மாணவர்க்குத் தலா 2,000 ரூபாய் முதலீடு தந்து தொழில் செய்யவைத்தார்கள். அடுத்த ஆண்டு, தேர்வான குழுக்களின் மாணவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்றும் அறிவிக்கப்பட்டது. முதலீடு எல்லோருக்கும் சமம் என்பது இதன் பலம். ஆனாலும் கடைசிச் சுற்றில் குழுக்களைத் தேர்ந்தது நடுவர்களே. நேர்முகத் தேர்வுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

7. விண்ணப்பத்துக்கு முன்பே நடப்பது

தமிழ்நாட்டில் மாணவரின் தொழில் அவரது கல்லூரி வாய்ப்பைத் தொடும் இடம் விண்ணப்பம் அன்று. அதற்கு இரண்டாண்டு முன்பே, பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் நாளிலேயே அது தொட்டுவிடுகிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் டியூஷன், வாராந்திரத் தேர்வு, செய்முறை என்று மாலை நேரம் போய்விடும். கடையிலோ பட்டறையிலோ மாலையில் நிற்க வேண்டியவர் காமர்ஸ் அல்லது தொழிற்கல்விப் பிரிவை எடுப்பார். அப்போதே பொறியியல் வாசலின் பெரும்பகுதி அவருக்கு மூடிவிடுகிறது. தொழிலால் மதிப்பெண் குறைந்ததா, மதிப்பெண் குறைவால் பிள்ளையைத் தொழிலில் போட்டார்களா என்று கேட்டால் இரண்டும் நடக்கும். ஆனால் குரூப் தேர்வு இரண்டையும் ஒரே முடிவில் கட்டிப்போடுகிறது.

இதே கொங்கு நாடுதான் தேர்வுக்கென்றே பிள்ளைகளைத் தயாரிக்கும் பள்ளிகளையும் வளர்த்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உண்டு உறைவிடப் பள்ளிகளை மக்கள் 'பிராய்லர் பள்ளி' என்று கேலி செய்தாலும், மாநிலம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப்போய் இரண்டாண்டும் ப்ளஸ் டூ பாடமே நடத்தும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. மாநில முதலிடங்களை அறிவிப்பதும் 2017இல் நின்றது. 2025ஆம் ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. விடுதியில் அடைந்து படிப்பவரும் வீட்டுத் தொழிலில் நிற்பவரும் ஒரே 200க்குப் போட்டியிடுகிறார்கள். முன்னவரின் நேரத்தைப் பெற்றோர் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பின்னவர் தன் நேரத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார். சேர்க்கை விதி சாதியையும் பள்ளி வகையையும் ஓரளவு ஈடுசெய்கிறது. இந்த நேர வேறுபாட்டை ஈடுசெய்ய அதற்கு வழியில்லை.

ஒரு மறுப்பையும் இங்கே எடைபோட வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் காலியாகவே நிற்கின்றன. பொதுப்பிரிவினருக்கு 45, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு இருந்தாலே கலந்தாய்வுக்குத் தகுதி. எனவே தொழில் செய்தவருக்கும் எங்கோ ஓரிடம் உண்டு என்பது சரி. ஆனால் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிக்கும், வேலைவாய்ப்பே இல்லாத ஒரு கல்லூரிக்கும் உள்ள தூரம் சிறியதன்று. போட்டி கல்லூரிக்குள் நுழைவதற்கு இல்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதற்கே.

8. முடிவு: எங்கே இடம் தருவது

மேற்கண்ட சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், அரசுக் கலந்தாய்வில் தொழிலுக்கு மதிப்பெண் தருவதை ஆதரிக்க முடியவில்லை. சரிபார்க்க இயலாத சான்று, மதிப்பிடுபவரின் சார்பு, சொத்துள்ள குடும்பத்துக்குப் போய்ச்சேரும் சலுகை ஆகிய மூன்றும் அதற்கு எதிராக நிற்கின்றன. தொழிலைக் கண்டுகொள்ளாத கட்ஆஃப், இந்த அளவில், பாதுகாப்பே.

ஆனால் உள்ளே நுழைந்த பிறகும் கல்லூரி கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே இடத்துக்குப் போட்டி இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையாது. கேரளம் பத்தாண்டுகளுக்கு முன்பே தொழில்முனையும் கல்லூரி மாணவர்க்கு 20 விழுக்காடு வருகைத் தளர்வும் 4 விழுக்காடு கருணை மதிப்பெண்ணும் அறிவித்தது. ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டுக் கொள்கையும் வருகைத் தளர்வையும் இடைநிறுத்திப் படிக்கும் வசதியையும் பரிந்துரைக்கிறது. கோவையின் பி.எஸ்.ஜி. கல்லூரியிலேயே, வகுப்பையும் தொழிற்சாலைப் பயிற்சியையும் மாறிமாறி அமைக்கும் சாண்ட்விச் படிப்பு நெடுங்காலமாக இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சென்னை ஐஐடி 2021இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பு, சில வாரங்கள் பாடம் நடத்தி அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறது. கடையை மூடாமலே படிக்கலாம்.

கொங்கு நாட்டுக் கல்லூரிகளுக்குத் தேவையானவை இவற்றின் தொடர்ச்சியே: மாலை நேரத்திலும் இயங்கும் ஆய்வகம், தறியையும் பட்டறையையும் திட்டப்பணியாக ஏற்கும் துறை, பருவகாலத் தொழிலுக்கு ஏற்ப ஒரு செமஸ்டரைத் தள்ளிப்போடும் உரிமை. பள்ளிக்கு இன்னொன்று: குரூப் எடுக்கும் நாளில், மாலையில் வேலை செய்யும் பிள்ளைக்கும் ஃபர்ஸ்ட் குரூப்பை மறுக்காமல், அவருக்கான பாட உதவியைக் காலையிலோ வார இறுதியிலோ பள்ளியே தருவது. இந்த வசதிகள் மூன்றாம் வகையினருக்கும், அதாவது பிசிறு வெட்டும் பெண்ணுக்கும் கைமடியாக நிற்கும் பையனுக்கும், அதே அளவில் கிடைக்க வேண்டும். 'தொழில்முனைவோர்' என்ற சான்றிதழ் கேட்டு அவர்களைத் திருப்பியனுப்பும் எந்தத் திட்டமும், நாயுடு விலகிப்போன கல்லூரியின் பழைய பிழையைப் புதிய பெயரில் செய்வதாகவே இருக்கும்.